மின் கிட்டாருக்கு வைப்ரேட்டோ பெடல்: எதைப் பார்த்து வாங்குவது?

ஆறுகம்பி (களியக்காவிளை)

அனைவருக்கும் வணக்கம். ஞாயிறுதோறும் எங்கள் ஆலயப் பாடகர் குழுவுக்கும், மற்ற நாட்களில் எல்லைக்கு இருபுறமும் நடக்கும் கல்யாண வரவேற்புகளில் மெல்லிசைக் குழுவுக்கும் மின் கிட்டார் வாசித்து வருகிறேன். கீர்த்தனை தொடங்குவதற்கு முன் வாசிக்கும் முன்னிசையில், நீண்டு நிற்கும் சுரங்கள் பாடகரின் குரலைப் போல முதலில் நேராக நின்று பிறகு மெல்ல அலைய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. என் கிட்டார் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையைச் சேர்ந்தது. கம்பிகளைத் தாங்கும் அதன் பிரிட்ஜோடு இணைந்த நெம்புகோலைப் பிடித்து அசைத்தால் இந்த அலைவு கிடைக்கும் என்பது உண்மைதான்; ஆனால் இரண்டு பாடல் முடிவதற்குள் சுருதி கலைந்துவிடுவதால், பிரிட்ஜின் பின்னால் ஒரு மரத்துண்டைச் செருகி அதை அசையாமல் அடைத்துவிட்டேன்.

ஆகவே, காலால் மிதித்தால் இந்தச் சுருதி அலைவைத் தரும் வைப்ரேட்டோ பெடல் ஒன்று வாங்கலாம் என்று புறப்பட்டால் குழப்பமே மிஞ்சுகிறது. நண்பர் ஒருவரின் ஆம்பில் (கிட்டாரின் ஒலிபெருக்கிப் பெட்டியில்) 'வைப்ரேட்டோ' என்று எழுதியிருந்ததைப் போட்டுப் பார்த்தேன். சுருதி அசையவே இல்லை, ஒலி மட்டும் கூடிக் குறைந்தது. திருவனந்தபுரத்துக் கடையொன்றில் வைப்ரேட்டோ கேட்டபோது கோரஸ் பெடலை எடுத்து வைத்து, இரண்டும் ஒன்றுதான் என்றார்கள். இரண்டும் ஒன்றுதானா? இல்லையென்றால் என் தேவைக்கு எதைத் தேட வேண்டும்? கையில் பெரிய தொகை இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஈயப்பற்று (கொழிஞ்சாம்பாறை)

தம்பி, கடைக்காரரை மட்டும் குறை சொல்ல வேண்டாம். இந்தக் குழப்பத்தில் பெரும்பங்கு கிட்டாரும் ஆம்பும் தயாரித்த லியோ பென்டருக்கு உண்டு. 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் சுருதியை அசைக்கும் பொறிக்கு அவர் 'டிரெமலோ' என்று பெயர் வைத்தார். பின்னால் வந்த டீலக்ஸ் ரிவெர்ப், ட்வின் ரிவெர்ப் ஆம்ப்களிலோ ஒலியளவை மட்டும் ஏற்றியிறக்கும் சுற்றுக்கு 'வைப்ரேட்டோ' என்ற பெயர் வந்தது. இரண்டு பெயர்களும் இடம் மாறிப் போயின. சுருதி அசைந்தால் வைப்ரேட்டோ, ஒலியளவு அசைந்தால் டிரெமலோ. பெட்டியின் மேல் என்ன எழுதியிருந்தாலும் இதை விடாதீர்கள். உண்மையாகவே சுருதியை அசைத்த ஆம்ப்களும் அந்தக் காலத்தில் இருந்தன. 1950களின் இறுதியில் வந்த சில மேக்னடோன் ஆம்ப்கள் அந்த வகை.

இனி பெடலுக்குள் நடப்பதைச் சொல்கிறேன். பாறசாலை ரயில் நிலையத்தில் நிற்காமல் கடந்துபோகும் வண்டியின் ஊதலைக் கேட்டிருப்பீர்கள். நெருங்கும்போது சுருதி சற்றுக் கூடியும் விலகும்போது குறைந்தும் கேட்கும். வைப்ரேட்டோ பெடல் இதே வேலையை ஓரிடத்தில் உட்கார்ந்து செய்கிறது. கிட்டாரின் ஒலியைச் சில மில்லிவினாடி தாமதப்படுத்தி, அந்தத் தாமதத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கிறது. தாமதம் கூடிக்கொண்டு போகும்போது சுருதி இறங்கும், குறையும்போது ஏறும். அனலாக் பெடல்களில் இந்தத் தாமதத்தைத் தருவது பிபிடி என்னும் சில்லு. 1969இல் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் பிறந்த யோசனை அது. தீப்பிடித்த வீட்டுக்கு ஆட்கள் வரிசையாக நின்று வாளி கைமாற்றுவது போல, மின்னூட்டம் ஒரு கொள்கலத்திலிருந்து அடுத்ததற்கு நகர்ந்துகொண்டே போகும். 1024 படிகள் கொண்ட சில்லை 100 கிலோஹெர்ட்ஸ் கடிகாரத்தில் ஓட்டினால் தாமதம் 5.12 மில்லிவினாடி. ஆம்பிலிருந்து இன்னும் ஒன்றே முக்கால் மீட்டர் தள்ளி நின்று வாசிப்பதற்குச் சமம் என்பதால் கைக்கு அது தெரியாது.

கோரஸ் பெடலிலும் இதே சுற்றுதான் இருக்கிறது, ஒரேயொரு வேறுபாட்டோடு. அசையும் ஒலியோடு அசையாத நேரொலியையும் சேர்த்து அது வெளியே அனுப்புகிறது. சேர்ந்தவுடன் நம் காது அதைச் சுருதி அலைவாகக் கேட்பதில்லை, இரண்டு கிட்டார்கள் ஒன்றாக ஒலிப்பதாகக் கேட்கிறது. கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. உங்களுக்குத் தேவைப்படுவது மற்ற பாதி. 1976இல் வந்த, பாஸ் நிறுவனத்தின் சிஇ-1 பெட்டியில் கோரஸ், வைப்ரேட்டோ இரண்டும் ஒரே சுவிட்சின் இரு பக்கங்களாக இருந்ததைப் பார்த்தாலே இந்த உறவு விளங்கும்.

பழைய ஆர்கன் (பாறசாலை)

இளையவர்கள் இதைப் பெடல் யுகத்துப் பிரச்சினையாக எண்ண வேண்டாம். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஆலயத்தில் காலால் மிதித்துக் காற்றை இயக்கும் ரீட் ஆர்கன் ஒன்று இருந்தது. அதில் 'வாக்ஸ் ஹியூமானா' என்று பீங்கான் வில்லையில் எழுதிய இழுப்பான் ஒன்று உண்டு. பொருள், மனிதக் குரல். அதை இழுத்தால் உள்ளே அட்டையாலான ஒரு சிறு விசிறி சுழன்று ஒலியை நடுங்க வைக்கும். இன்றைய கணக்கில் அது பெரும்பாலும் டிரெமலோதான்; ஆனால் பெயர் வைத்தவருக்கு இருந்த ஆசை தம்பிக்கு இருக்கிற அதே ஆசை.

பிற்காலத்தில் ஹாமண்ட் ஆர்கனில் கைவைக்கும் வாய்ப்புக் கிடைத்தது. அதில் ஒரு குமிழில் வி1, வி2, வி3 என்றும் சி1, சி2, சி3 என்றும் ஆறு நிலைகள் இருக்கும். வி என்றால் வைப்ரேட்டோ மட்டும், சி என்றால் அதோடு நேரொலியும் சேர்ந்த கோரஸ். மேலே கொழிஞ்சாம்பாறைக்காரர் விளக்கியதை அந்தக் குமிழ் ஒரே பார்வையில் காட்டிவிடும். அதன் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 7 அலைவுகள் என்று நிலைத்திருந்தது, மாற்ற முடியாது. பாடகர்களின் குரல் அலைவும் பெரும்பாலும் வினாடிக்கு 5 முதல் 7 வரைதான் இருக்கும். முன்னிசைக்கு நீங்கள் 5இல் தொடங்குங்கள். 7ஐத் தாண்டினால் பக்தி போய்ப் பதற்றம் வந்துவிடும்.

நள்ளிரவு மேடை (நகரி)

நான் ஆந்திரப் பக்கம் திருவிழா மேடைகளில் வாசிப்பவன். எல்லோரும் தாமதச் சில்லையே பேசுகிறீர்கள். யூனிவைபை யாரும் எடுக்கவில்லையே! ஜப்பானில் 1960களின் இறுதியில் பூமியோ மியேடா வடிவமைத்த பெட்டி அது. நடுவில் ஒரு சிறு விளக்கு மினுங்கும், சுற்றி நான்கு ஒளியுணரிகள் இருக்கும். விளக்கு கூடிக் குறையும்போது அடுத்தடுத்த நான்கு சுற்றுகள் ஒலியலையின் கட்டத்தை, அதாவது அலையின் ஏற்ற இறக்கம் வரும் நேரத்தை, நகர்த்தும். 1969இல் வுட்ஸ்டாக்கில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அதை வைத்து வாசித்தார். அதிலும் வைப்ரேட்டோ என்று ஒரு நிலை இருக்கிறது. அதன் நகல் ஒன்று என்னிடம் இருக்கிறது. சங்கை ஊதுவது போல ஒரு துடிப்பு வரும். அதைக் கேட்ட பிறகு மற்றவை எல்லாம் தட்டையாகத் தெரியும்.

ஈயப்பற்று (கொழிஞ்சாம்பாறை)

நகரி அண்ணன் சொன்ன பெட்டி அழகானது, மறுப்பில்லை. ஆனால் அது எல்லா அதிர்வெண்களையும் ஒரே அளவில் நகர்த்துவதில்லை என்பதால், தாழ்ந்த சுரத்தில் ஒரு அலைவும் உயர்ந்த சுரத்தில் வேறொரு அலைவுமாக வரும். அந்த ஒழுங்கின்மைதான் அதன் வசீகரம். அதனால்தான் வாங்கியவர்களில் பெரும்பாலோர் அதன் கோரஸ் நிலையிலேயே கிடக்கிறார்கள். ஒற்றைச் சுரம் குரலைப் போல அலைய வேண்டும் என்பவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சுழலும் ஒலிபெருக்கியைப் போன்ற ரோட்டரி பெடல்களுக்கும் இதே பதில்தான்: அவை போலச் செய்யும் லெஸ்லி பெட்டியில் சுருதி, ஒலியளவு, ஒலியின் நிறம் மூன்றும் ஒருசேர மாறுகின்றன.

வாங்கிய பிறகு பலரும் இடறும் இடத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான அனலாக் பெடல்களில் 'டெப்த்' குமிழ் அமைப்பது தாமதத்தின் ஏற்ற இறக்கத்தை. சுருதி எவ்வளவு விலகும் என்பதோ அந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு விரைவாக நடக்கிறது என்பதைப் பொறுத்தது. தாமதம் நடுநிலையிலிருந்து இருபுறமும் 1 மில்லிவினாடி அசைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு 5 அலைவுகள் என்றால் உச்சத்தில் சுருதி ஏறத்தாழ 3.1 சதவீதம் விலகும். அது 53 சென்ட். அடுத்தடுத்த இரண்டு சுரத்தானங்களின் இடைவெளியான செமிடோன் 100 சென்ட் என்பதால், அரைச் செமிடோனுக்கும் சற்று மேல். டெப்த்தைத் தொடாமல் வேகத்தை மட்டும் இரண்டரையாகக் குறைத்தால் விலகல் 27 சென்டாகப் பாதியாகிவிடும். எனவே 'ரேட்' குமிழைக் கூட்டும்போதெல்லாம் 'டெப்த்' குமிழைக் குறைக்க வேண்டும். இது தெரியாமல் வேகத்தைக் கூட்டிவிட்டுப் பெடல் சுருதியைக் கெடுக்கிறது என்று திருப்பிக் கொண்டுவந்தவர்கள் என் மேசைக்கு வந்திருக்கிறார்கள்.

தந்தி (செங்கோட்டை)

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் வீணை பயின்று பிறகு கிட்டாருக்கு வந்தவன். தம்பி வாசிப்பது கீர்த்தனை என்கிறார். வேதநாயக சாஸ்திரியார் காலந்தொட்டு நம் கிறிஸ்தவக் கீர்த்தனைகளில் பல கர்நாடக ராகங்களில் அமைந்தவை. அங்கே அலைவு என்பது ஒரு பூச்சு அல்ல, சுரத்தின் உருவமே அதுதான். தோடியின் காந்தாரம் எந்தச் சுரத்தைத் தொட்டு எந்தச் சுரத்துக்கு வருகிறது, எவ்வளவு நேரம் எங்கே தங்குகிறது என்பதெல்லாம் விரலில் இருக்கிறது. பெடல் தருவதோ நடுப்புள்ளிக்கு மேலும் கீழும் சமமாக ஊசலாடும் ஓர் ஆட்டம். வீணையில் தந்தியை இழுத்தால் சுருதி மேலேதான் போகும். கிட்டாரில் இடக்கை விரலால் அசைத்தாலும் அப்படியே. பெடலோ கீழேயும் போகிறது. கேட்டுப் பழகிய காதுக்கு அந்தக் கீழ்ப்பாதி அந்நியமாகவே ஒலிக்கும்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பெடலுக்கு ஸ எது, ப எது என்று தெரியாது. அசையாமல் நிற்க வேண்டிய ஆதார சட்ஜமும் பஞ்சமமும் கூட அது மிதிபட்டிருக்கும்வரை ஆடிக்கொண்டே இருக்கும். அந்தப் பணத்தில் நல்ல தந்திகள் வாங்கி விரலைப் பழக்குவதே மேல் என்பது என் கருத்து.

ஆறுகம்பி (களியக்காவிளை)

தந்தி அண்ணன் சொல்வதை ஏற்கிறேன். கமகத்துக்கு மாற்றாக இதை நான் நினைக்கவில்லை. ராகக் கீர்த்தனைகளில் கையாலேயே வாசிக்கிறேன். என் ஆசை பாமாலைப் பாடல்களுக்கு முன் வரும் நேர்ச்சுர முன்னிசைக்கும், கல்யாண மேடையில் வரும் மெதுவான மெட்டுகளுக்கும் உரியது. ஆனால் ஸவும் பவும் ஆடக்கூடாது என்ற சொல் மனத்தில் தைத்துவிட்டது. தேவையான சுரத்தில் மட்டும் அலைவு வந்து மற்ற இடத்தில் ஒதுங்கியிருக்க வழி உண்டா?

ஈயப்பற்று (கொழிஞ்சாம்பாறை)

உண்டு; நீங்கள் தேட வேண்டியதும் அதைத்தான். 1980களின் தொடக்கத்தில் பாஸ் நிறுவனம் விபி-2 என்ற நீலநிறப் பெடலை வெளியிட்டுச் சில ஆண்டுகளிலேயே நிறுத்தியும்விட்டது. அதில் ரேட், டெப்த் தவிர இன்னும் இரண்டு குமிழ்கள் இருந்தன. ஒன்று 'ரைஸ் டைம்': மிதித்தவுடன் அலைவு முழுதாகப் பாயாமல், நாம் குறித்த நேரத்துக்குள் சிறிது சிறிதாக வளரும். மற்றொன்று நிலையை மாற்றும் குமிழ். அதை 'லாட்ச்' நிலையில் வைத்தால் ஒருமுறை மிதித்தால் இயங்கும், மறுமுறை மிதித்தால் நிற்கும். 'அன்லாட்ச்' நிலையில் கால் அழுத்தியிருக்கும்வரை மட்டுமே அலைவு இருக்கும், எடுத்தால் சுரம் நேராகிவிடும். முதலில் நேராக நின்று பிறகு அலைய வேண்டும் என்று தம்பி முதல் பதிவிலேயே கேட்டது இந்த இரண்டு குமிழ்களின் சேர்க்கையைத்தான். தந்தி ஐயாவின் மறுப்புக்கும் ஓரளவு பதில் இதில் இருக்கிறது: பெடலுக்குத் தெரியாததை உங்கள் கால் தெரிந்துவைத்திருக்கும்.

விபி-2 இப்போது கிடைத்தாலும் சேகரிப்பாளர் விலைக்குத்தான் கிடைக்கும். அதே நிறுவனத்தின் விபி-2டபிள்யூ அதன் மறுபிறப்பு. டிசி எலெக்ட்ரானிக்கின் ஷேக்கர் டிஜிட்டல் வகையைச் சேர்ந்தது, அதிலும் ரைஸ் டைமும் அழுத்தும்வரை இயங்கும் நிலையும் உண்டு. பெரிங்கர் யுவி300 பிளாஸ்டிக் உறையில் வருவது, விலை மிகக் குறைவு, அதே நான்கு குமிழ்கள். வால்ரஸ் ஆடியோவின் ஜூலியாவில் நேரொலியிலிருந்து கோரஸ் வழியாக வைப்ரேட்டோ வரை நகரும் கலவைக் குமிழ் இருக்கிறது. கோரஸும் வேண்டும் என்பவருக்கு அது ஏற்றது, ஆனால் ரைஸ் டைம் குமிழ் அதில் இல்லை.

ஏற்கெனவே அனலாக் கோரஸ் பெடல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. உள்ளே நேரொலியைக் கலவைப் புள்ளிக்குக் கொண்டுவரும் ஒரு ரெசிஸ்டர் இருக்கும். அதன் ஒரு காலைக் கழற்றிச் சிறு சுவிட்சு வழியாக இணைத்தால், நேரொலி அறுபட்டவுடன் கோரஸ் வைப்ரேட்டோவாகிவிடும். ஒலியளவு சற்றுக் குறையும், ரைஸ் டைம் கிடைக்காது. சுற்றுப்படம் பார்த்துச் செய்யத் தெரிந்தவர் செய்யட்டும், மற்றவர்கள் ஈயக்கோலைத் தொட வேண்டாம்.

மிக்சர் (மார்த்தாண்டம்)

சவுண்ட் சர்வீஸ் செய்பவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். இதை யாரும் சொல்லாமல் விட்டால் தம்பி பணத்தைத் தண்ணீரில் போட்டதாகிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வரவேற்பு நிகழ்ச்சியில் கிட்டார் கலைஞர் ஒருவர் வைப்ரேட்டோ பெடலுடன் வந்தார். நான் வழக்கம்போல அவருடைய கிட்டாரிலிருந்து நேராக ஒரு டிஐ பெட்டி (கிட்டாரை மிக்சரோடு இணைக்க உதவும் சிறு பெட்டி) வழியாக மிக்சருக்கு ஒரு லைன் எடுத்துக்கொண்டு, பெடல்களைத் தாண்டி வரும் ஆம்பின் முன்னும் ஒரு மைக் வைத்தேன். இரண்டையும் சேர்த்துத் திறந்தேன். மேடையில் நின்ற அவருக்கு ஆம்பிலிருந்து அழகான அலைவு கேட்டது. மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கேட்டதோ சுத்தமான கோரஸ். பாட்டு முடிந்ததும் அவருடைய அண்ணன் கீழிருந்து வந்து, வைப்ரேட்டோ எங்கே என்று கேட்டார். நான் பெடலைச் சந்தேகப்பட்டேன், அவர் என்னைச் சந்தேகப்பட்டார். அரைமணி நேரம் கழித்து டிஐ லைனை மூடிய பிறகுதான் இருவருக்கும் விளங்கியது: பெடலுக்குள் அறுத்தெறிந்த நேரொலியை நான் மிக்சரில் திரும்பச் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

இதைத் தெரிந்தே பயன்படுத்திய ஆம்பும் உண்டு. 1975இல் வந்த ரோலண்ட் ஜேசி-120இல் இரண்டு ஒலிபெருக்கிகள். கோரஸ் போட்டால் ஒன்றில் நேரொலி, மற்றொன்றில் அலையும் ஒலி. இரண்டும் காற்றில் கலந்துதான் கோரஸாகின்றன. ஆகவே வைப்ரேட்டோ வேண்டும் என்றால் சவுண்ட்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்: லைன் எடுப்பதானால் கடைசிப் பெடலுக்குப் பின்னாலிருந்து எடுக்க வேண்டும். கீபோர்டு கலைஞரிடமும் ஒரு சொல் சொல்லி வையுங்கள். நீங்கள் அலைக்கும் அதே சுரத்தை அவர் ஸ்டிரிங்ஸில் நேராகப் பிடித்துக்கொண்டிருந்தால் இரண்டும் மோதிக் கேட்கும்.

நள்ளிரவு மேடை (நகரி)

மிக்சர் அண்ணன் சொன்ன பிறகுதான் என் மேடைகளில் பல நாள் நடந்த மர்மம் விளங்குகிறது. இன்னொரு கேள்வி: பெடல் வரிசையில் இதை எங்கே வைப்பது?

ஈயப்பற்று (கொழிஞ்சாம்பாறை)

ரிவெர்புக்கு முன்னால். பின்னால் வைத்தால் எதிரொலியின் வாலும் சேர்ந்து ஆடும். இழுபட்ட காசெட் நாடா போல வேண்டும் என்பவர்கள் அப்படி வைக்கலாம். டிஸ்டார்ஷனுக்கு முன்னா பின்னா என்பது இரண்டாம்பட்சம், காதுக்குப் பிடித்ததைச் செய்யுங்கள். பல சுரங்களைச் சேர்த்துக் கார்டாக வாசிக்கும்போது டெப்த்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

மின்சாரத்தில்தான் கவனம் வேண்டும். பெரும்பாலும் 9 வோல்ட், நடுமுனை எதிர்மின் கொண்ட அடாப்டர். மாற்றிச் செருகினால் பெடல் போய்விடலாம். ஒரே அடாப்டரிலிருந்து வரிசையாகக் கிளை பிரித்து டிஜிட்டல் பெடலையும் அனலாக் பெடலையும் ஓட்டினால் கீச்சொலி புகுந்துவிடலாம். இரண்டு பிபிடி பெடல்கள் அருகருகே இருந்தால் அவற்றின் கடிகாரங்கள் ஒன்றோடொன்று கலந்து விசில் அடிப்பதும் உண்டு. ஜெனரேட்டரில் ஓடும் பந்தலில் எர்த் சரியில்லையென்றால் 50 ஹெர்ட்ஸ் முனகலும் இதில் சேர்ந்துகொள்ளும். களியக்காவிளைக்குக் கடல் தொலைவில் இல்லை. உப்புக்காற்றில் குமிழ்கள் கரகரக்கத் தொடங்கும், ஆண்டுக்கொருமுறை காண்டாக்ட் கிளீனர் அடித்துவிடுங்கள்.

ஆறுகம்பி (களியக்காவிளை)

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நான்கு குமிழ்கள் கொண்ட, பிளாஸ்டிக் உறைப் பெடல் ஒன்றை நண்பரிடமிருந்து இரவல் வாங்கி இரண்டு ஞாயிறு வாசித்துப் பார்த்தேன். அன்லாட்ச் நிலை, ரைஸ் டைம் பாதிக்கும் சற்று மேல், வேகம் காதளவில் வினாடிக்கு ஐந்து, டெப்த் காலுக்கும் குறைவு. முதல் ஞாயிறு டெப்த்தைக் கூட்டி வைத்துவிட்டேன். பாடகர் குழுவில் ஒரு அக்கா கிட்டாருக்குக் காய்ச்சலா என்று கேட்டார். இரண்டாம் ஞாயிறு யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் முன்னிசை முடிந்து பாட்டு எடுக்கும்போது சபை வழக்கத்தைவிட மெதுவாகத் தொடங்கியது.

எண்ணிப் பார்த்தால் ஒரு பாடலில் ஆறேழு சுரங்களுக்கு மட்டுமே கால் அழுத்துகிறேன். அவ்வளவு வேலைக்கு விலையுயர்ந்த பெட்டி வேண்டாம் என்று முடிவு செய்து, நண்பரிடமே அந்தப் பெடலை விலைக்குக் கேட்டு வாங்கிவிட்டேன். மிச்சப் பணத்தில் தனித்தனி வெளியீடு கொண்ட பவர் சப்ளை ஒன்று வாங்கினேன், கீச்சொலி நின்றுவிட்டது. இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது: கால் எடுத்தவுடன் அலைவு சட்டென்று நின்றுவிடுவது சில இடங்களில் உறுத்துகிறது.

பழைய ஆர்கன் (பாறசாலை)

சுரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போது காலை எடுக்காதீர்கள், தம்பி. அது தானாகத் தேய்ந்து மறையும்வரை அழுத்தியிருந்து, அடுத்த சுரத்தை மீட்டும் கணத்தில் விடுங்கள். ஆர்கனில் வாக்ஸ் ஹியூமானாவை நாங்கள் உள்ளே தள்ளியதும் மூச்செடுக்கும் இடத்தில்தான்.

ஆறுகம்பி (களியக்காவிளை)

இன்று மாலை அப்படி வாசித்துப் பார்த்தேன், ஐயா. உறுத்தவில்லை.